‘எதை வாங்கலாம்?’ என்பது உங்கள் நான்காவது கேள்வி

வாசகிக்கு வயது 33. ஒரு நிறுவனத்தின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறார். அப்பா காலமாகிவிட்டார். அம்மாவும் கல்லூரியில் படிக்கும் தம்பியும் இவர் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தது ஏறக்குறைய ஒன்பது மாதச் சம்பளம். வங்கிச் சேமிப்புக் கணக்கில் அப்படியே கிடக்கிறது. மாதாமாதம் எல்லாச் செலவும் போகச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. அம்மாவின் அறுவை சிகிச்சைக்குக் கிரெடிட் கார்டில் செலவழித்ததில் ஒன்றரை மாதச் சம்பளம் அளவுக்குப் பாக்கி நிற்கிறது. மாதம் 3 சதவீத வட்டிதானே என்று மினிமம் தொகையை மட்டும் கட்டி வருகிறார். தம்பியின் கடைசி வருடக் கட்டணம், சுமார் இரண்டரை மாதச் சம்பளம், அடுத்த வருடம் கட்ட வேண்டும்.

இவருடைய அப்பா பல வருடங்களுக்கு முன் கடன் வாங்கி ஒரே நிறுவனத்தின் பங்குகளில் போட்டவர். அந்த நிறுவனம் மூடப்பட்டபோது பணமும் போனது, கடனும் நின்றது. அன்றிலிருந்து வீட்டில் ‘ஷேர்’ என்ற பேச்சையே எடுக்க முடியாது. இந்த நிலையில், உடன் வேலை பார்க்கும் ஒருவர் இவரை ஒரு முதலீட்டுக் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறார். மாதம் 4 சதவீத லாபம் உறுதி என்கிறார்கள். சோதனையாகப் போட்ட சிறு தொகை சொன்னபடியே லாபத்தோடு திரும்பி வந்துவிட்டது; இப்போது பெரிய தொகை போடச் சொல்லி அவசரப்படுத்துகிறார்கள்.

அவர் கேட்பது இவை: “தொடங்குவதற்கு நல்ல பங்காக இரண்டு சொல்லுங்கள். இப்போதே வாங்கலாமா, சந்தை இறங்கும் வரை காத்திருக்கலாமா? எங்கள் நிறுவனமே ஊழியர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடியில் பங்கு கொடுக்கிறது. உள்ளே இருந்து பார்ப்பதால் அதுதானே எனக்குப் பாதுகாப்பு? குழுவில் போடலாமா? என் தோழிகள் 23 வயதிலேயே தொடங்கிவிட்டார்கள். நான் ரொம்ப லேட்டா?”

சகோதரி,

உங்கள் கடிதத்தில் எண்களை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். கடன் பாக்கியைச் சொல்லக் கூச்சப்பட்டு அதை மட்டும் விட்டுவிட்டுக் கேட்பவர்கள் நிறைய பேர். நீங்கள் சொன்னதால்தான் உங்களுக்கு உபயோகமான பதிலைத் தர முடிகிறது. உங்கள் கேள்விகளின் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன், ஏனென்றால் இவற்றில் ஒன்று காத்திருக்க முடியாதது.

அந்தக் குழுவிலிருந்து இன்றே வெளியே வந்துவிடுங்கள்

மாதம் 4 சதவீதம் என்றால் வருடத்துக்கு 48 சதவீதம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். லாபத்தை எடுக்காமல் அதிலேயே விட்டால் வருடத்துக்கு 60 சதவீதம் வரும். அதே வேகத்தில் பத்து வருடம் ஓடினால் 100 என்பது 11,000-ஐத் தாண்டிவிடும். இப்படி ஒரு வழி நிஜமாகவே ஒருவர் கையில் இருந்தால், அவர் வங்கியில் கடன் வாங்கியே சில வருடங்களில் பெரும் செல்வந்தர் ஆகிவிடலாம். முன்பின் தெரியாத உங்களிடம் வந்து பணம் போடுங்கள் என்று கெஞ்ச வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

‘ஆனால் பணம் திரும்பி வந்ததே’ என்று உங்களுக்குத் தோன்றும். திரும்பி வரத்தான் செய்யும். அந்தச் சிறு தொகையைத் தருவதுதான் அவர்களுடைய செலவு. உங்கள் நம்பிக்கையை வாங்க அவர்கள் கொடுக்கும் விலை அது. 1920-ல் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்ஸி என்பவர் 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டினார். முதலில் போட்டவர்களுக்குச் சொன்னபடி கொடுத்தார். அதைக் கேள்விப்பட்டு வரிசையில் நின்றவர்களின் பணத்திலிருந்துதான் கொடுத்தார். புதிய பணம் வருவது நின்றதும் எல்லாம் சரிந்தது. இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் இந்த மோசடியை அழைக்கிறார்கள்.

லாபம் அளவுக்கு மீறி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2008 டிசம்பரில் கைதான அமெரிக்க நிதி மேலாளர் பெர்னார்ட் மேடாஃப் வருடத்துக்குப் பத்து சதவீதத்தை ஒட்டிய லாபத்தைத்தான் காட்டினார். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அது கிட்டத்தட்ட அசையாமல் வந்துகொண்டே இருந்தது. சந்தையில் உள்ள உண்மையான முதலீடு எதுவும் அப்படி நேர்கோட்டில் போகாது. உறுதியான லாபம், அவசரப்படுத்தல், புதிதாக ஆள் சேர்த்தால் தனிக் கமிஷன், இவற்றில் ஒன்று இருந்தாலே ஒதுங்கிவிடலாம்.

உங்கள் நண்பர்மீது கோபம் வேண்டாம். அவர் உங்களை ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார். அவருக்கும் இதுவரை பணம் வந்துகொண்டிருக்கும், அதை நம்பித்தான் உங்களையும் சேர்த்திருப்பார். பங்குச் சந்தை உள்ள பெரும்பாலான நாடுகளில் அதற்கு ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று உண்டு. பதிவு பெற்ற ஆலோசகர்கள், தரகு நிறுவனங்களின் பட்டியலை அதன் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அந்தக் குழுவின் பெயர் அதில் இருக்கிறதா என்று அவரையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் இருந்தாலும், பட்டியலில் உள்ள தொலைபேசி எண்ணும் முகவரியும் உங்களுக்குக் கொடுத்தவையும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். உண்மையான நிறுவனத்தின் பெயரைத் திருடிப் பயன்படுத்துவதும் சகஜம். யாராவது பணம் எடுக்கப் போகும்போது ‘முதலில் வரி கட்டுங்கள், கட்டணம் செலுத்துங்கள், பிறகு விடுவிக்கிறோம்’ என்று சொன்னால், உள்ளே இருக்கும் பணம் போய்விட்டது என்றுதான் பொருள். அதற்கு மேல் ஒரு காசும் அனுப்பக் கூடாது.

ஒன்பது மாதச் சம்பளத்துக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது

சேமிப்புக் கணக்கில் பணம் ‘சும்மா கிடக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எங்கே போடுவது என்ற தவிப்புதான் உங்களை அந்தக் குழு வரை இழுத்துப் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பணத்தை ஒரு தாளில் பிரித்து எழுதிப் பார்ப்போம்.

முதலில் கார்டு பாக்கி. மாதம் 3 சதவீதம் என்பது சின்ன எண்ணாகத் தெரிகிறது. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து அதற்கும் வட்டி ஓடுவதால், வருடத்துக்கு அது 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. உலகத்தின் எந்தப் பங்குச் சந்தையும் வருடா வருடம் இவ்வளவு தருவதில்லை. மினிமம் தொகையில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். உங்கள் கடைசி ஸ்டேட்மெண்டை எடுத்து, சென்ற மாதம் கட்டியதில் வட்டிக்கு எவ்வளவு போனது, அசல் எவ்வளவு குறைந்தது என்ற இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். அப்புறம் நான் சொல்ல வேண்டியதே இல்லை. இந்தப் பாக்கியை அடைப்பதுதான் உங்களுக்கு இன்று கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த முதலீடு. இதில் கிடைக்கும் 42 சதவீதம் உறுதியானது. யாரையும் நம்ப வேண்டியதில்லை. ஒன்றரை மாதச் சம்பளம் இதற்குப் போகட்டும்.

அடுத்தது தம்பியின் கட்டணம். ஒரு வருடத்தில் கட்டியே ஆக வேண்டிய பணத்தைப் பங்குகளில் போடக் கூடாது. இரண்டு மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் எந்தப் பணத்துக்கும் இதையே சொல்வேன். கட்டும் தேதிக்குச் சற்று முன் முதிர்வடையும் வைப்புக் கணக்கில் இரண்டரை மாதச் சம்பளத்தைப் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது அவசர நிதி. உங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஒரே சம்பளம். வேலை போனாலோ, அம்மாவுக்கு மறுபடி உடம்புக்கு முடியாமல் போனாலோ, கார்டைத் தவிர வேறு வழி வேண்டும். ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும். உங்கள் மாதச் செலவு சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கு. ஆறு மாதத்துக்கு அது ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளம். இது வங்கியில், கேட்ட உடனே எடுக்கும்படி இருக்க வேண்டும். பல நாடுகளில் வங்கி வைப்புக்கு ஒரு வரம்பு வரை காப்புறுதி இருக்கிறது. உங்கள் தொகை அந்த வரம்புக்குள் இருக்கிறதா என்பதை மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டிப் பாருங்கள். ஒன்றரை, இரண்டரை, ஐந்து. ஒன்பது மாதச் சம்பளமும் முடிந்துவிட்டது. முதலீடு செய்ய உங்களிடம் மொத்தத் தொகை எதுவும் இல்லை. இதைப் படிக்க ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் ‘இவ்வளவு பணத்தை வீணாக வைத்திருக்கிறேனே’ என்ற குற்ற உணர்ச்சியை இனி நீங்கள் விட்டுவிடலாம். பணம் தன் இடத்தில்தான் இருக்கிறது, பெயர் மட்டும் வைக்காமல் இருந்திருக்கிறீர்கள். உங்கள் முதலீடு மாதந்தோறும் மிஞ்சும் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்குகிறது. கார்டை அடைத்துவிட்டால் அந்த மினிமம் தொகையும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

ஒரு இடைச்செருகல். உங்கள் நிறுவனத்தில் ஓய்வூதியக் கணக்கு ஏதாவது இருந்து, நீங்கள் போடும் அளவுக்கு நிறுவனமும் போடும் என்றால், மாத முதலீட்டில் முதல் இடம் அதற்குத்தான். வரிச் சலுகை உண்டா, எப்போது எடுக்க முடியும் என்பவற்றை மனிதவளப் பிரிவில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, உங்கள் வருமானத்தை நம்பி இரண்டு பேர் இருப்பதால் டெர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு, ஒன்று கட்டாயம் வேண்டும். காப்பீட்டையும் முதலீட்டையும் ஒன்றாகக் கலந்து தரும் பாலிசியை யாராவது கொண்டு வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பெரும்பாலும் அதில் காப்பீடும் போதாது, முதலீடும் வளராது, இடையில் நஷ்டமில்லாமல் வெளியேறவும் முடியாது.

இரண்டு பங்கு சொல்ல மாட்டேன்

கார்டு, கட்டணம், அவசர நிதி என்ற மூன்றுக்கும் பிறகு, நான்காவதாகத்தான் ‘எதை வாங்கலாம்?’ என்ற கேள்வி வருகிறது. எந்தப் பங்கு ஏறும் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்பவர்களுக்கும் தெரியாது. நம்பி எழுதிய உங்களுக்கு இதை நேராகச் சொல்லிவிடுவதுதான் முறை.

உங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததைப் பார்த்து ‘பங்குச் சந்தை என்றாலே சூதாட்டம்’ என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய வலி நியாயமானது. ஆனால் அப்பாவைக் கவிழ்த்தவை இரண்டு: எல்லாப் பணத்தையும் ஒரே நிறுவனத்தில் வைத்தது, அதையும் கடன் வாங்கி வைத்தது. ஒரு நிறுவனம் மூடப்படலாம். 158 வருடம் நடந்த அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பரில் திவாலானது. ஒரு நாட்டின் ஐந்நூறு பெரிய நிறுவனங்களும் ஒன்றாக மூடப்படுவது வேறு விஷயம். ஒன்று வீழும்போது இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். இப்போது நீங்கள் கேட்கும் ‘இரண்டு நல்ல பங்கு’ அப்பா போன பாதைக்கு மிக அருகில் இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா?

இதற்கு எளிய மாற்று இண்டெக்ஸ் ஃபண்ட். சந்தையின் போக்கைக் காட்டத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களின் பட்டியல்தான் குறியீடு; அதில் உள்ள எல்லா நிறுவனங்களையும் அதே விகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் நிதி அது. எந்தப் பங்கு நல்லது என்று யோசிக்க ஒரு மேலாளருக்குப் பெரிய சம்பளம் தர வேண்டியதில்லை, அதனால் செலவு மிகக் குறைவு. 1976-ல் அமெரிக்காவில் ஜான் போகல் இதைச் சாதாரண மக்களுக்காகத் தொடங்கியபோது 15 கோடி டாலர் திரட்ட நினைத்தார், வந்தது 1.1 கோடி டாலர் சொச்சம்தான். ‘போகலின் முட்டாள்தனம்’ என்று கேலி செய்தார்கள். இன்று உலகம் முழுவதும் பெருந்தொகை இப்படிப்பட்ட நிதிகளில்தான் இருக்கிறது.

செலவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான், அதுவும் தெரியாமலே. இரண்டு நிதிகள். இரண்டின் முதலீடும் வருடத்துக்கு 7 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் செலவு ஏறக்குறைய இல்லை. இன்னொன்று கமிஷன், மேலாண்மைக் கட்டணம் என்று வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஒன்றரைதானே என்று தோன்றும். 30 வருடத்தில் முதல் நிதியில் 100 என்பது 761 ஆகும், இரண்டாவதில் 498. போட்டது நீங்கள், நஷ்டம் வந்தால் தாங்குவதும் நீங்கள். வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கட்டணமாகப் போயிருக்கும். எந்த நிதியை யார் பரிந்துரைத்தாலும் ‘இதன் வருடச் செலவு விகிதம் என்ன? இதை விற்றால் உங்களுக்குக் கமிஷன் உண்டா?’ என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு இடம் பாருங்கள்.

முடிந்தால் பல நாடுகளின் சந்தைகளைக் கொண்ட நிதியையும் ஓரளவு சேர்த்துக்கொள்வது நல்லது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915 புள்ளியில் இருந்தது. அந்த உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 வருடம்! ‘நீண்ட காலத்தில் சந்தை எப்படியும் ஏறிவிடும்’ என்று யாராவது உங்களுக்கு அடித்துச் சொன்னால் இந்த இரண்டு தேதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இடையில் மாதாமாதம் போட்டு வந்தவர்களுக்கும், பணம் வெவ்வேறு நாடுகளில் பிரிந்திருந்தவர்களுக்கும் அடி இவ்வளவு பலமாக விழுந்திருக்காது.

சொந்த நிறுவனத்தின் பங்கு

உள்ளே இருந்து பார்ப்பதால் பாதுகாப்பு என்கிறீர்கள். தரப் பரிசோதனைப் பிரிவிலிருந்து பார்த்தால் பொருளின் தரம் தெரியும். நிறுவனத்தின் கடன், கணக்கு, மேலே எடுக்கும் முடிவுகள் தெரியாது. அமெரிக்காவில் என்ரான் நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலானது. அதற்கு முந்தைய வருடக் கடைசியில், ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் பாதிக்கும் மேல் என்ரான் பங்குகளாகவே இருந்தது. அவர்களும் உள்ளே இருந்து பார்த்தவர்கள்தான். வேலையும் சேமிப்பும் ஒரே நேரத்தில் போனது.

அதற்காக 10 சதவீதத் தள்ளுபடியைத் தூக்கி எறியவும் சொல்ல மாட்டேன். விதிமுறையைப் படித்துப் பாருங்கள். வாங்கியதும் விற்கலாம் என்றால், வாங்கி விற்று, வரி போக மிஞ்சுவதை உங்கள் இண்டெக்ஸ் ஃபண்டில் போடலாம். மூன்று வருடம், ஐந்து வருடம் விற்க முடியாது என்று லாக்-இன் இருந்தால் கொஞ்சமாக வாங்குங்கள். உங்கள் மொத்த முதலீட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அது போகக் கூடாது என்பது என் கருத்து. சம்பளம் ஏற்கெனவே அந்த நிறுவனத்தை நம்பி இருக்கிறது, அதுவே போதுமான அளவு.

காத்திருக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே கிடையாது. சந்தை இறங்கினால் வாங்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு இரண்டு சிக்கல். எப்போது இறங்கும் என்று தெரியாது. இறங்கும்போது வாங்கத் துணிவு வராது. 2020-ல் அமெரிக்காவின் சுமார் ஐந்நூறு பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு பிப்ரவரி 19-க்கும் மார்ச் 23-க்கும் இடையில் சுமார் 34 சதவீதம் சரிந்தது. அந்த மார்ச் மாதச் செய்திகளை நினைத்துப் பாருங்கள். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது, வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு ‘இதுதான் நான் காத்திருந்த தருணம்’ என்று சேமிப்பை எடுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆகஸ்ட் மாதமே குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

எல்லாச் சரிவும் அவ்வளவு சீக்கிரம் மீளாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் பாதிக்கும் மேல், சுமார் 57 சதவீதம், விழுந்தது. பழைய உயரத்துக்கு வர 2013 ஆனது. 50 சதவீதம் விழுந்த பணம் பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். அதனால்தான் பங்கு சார்ந்த முதலீட்டுக்குக் குறைந்தது பத்து வருடமாவது தொடத் தேவையில்லாத பணத்தை மட்டும் ஒதுக்கச் சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தில் காத்திருப்பதா வேண்டாமா என்ற கேள்வியே எழவில்லை. மொத்தத் தொகை இல்லை, மாதச் சம்பளத்திலிருந்துதான் போடப்போகிறீர்கள். சம்பளம் வந்த மறுநாளே தானாகப் பிடித்தமாகும்படி செய்துவிடுங்கள். நிதியில் நீங்கள் வாங்கும் அலகுக்கு யூனிட் என்று பெயர். விலை ஏறியிருக்கும் மாதத்தில் குறைந்த யூனிட்டும், இறங்கியிருக்கும் மாதத்தில் அதிக யூனிட்டும் கிடைக்கும். எப்போது வாங்குவது என்ற முடிவை மாதந்தோறும் எடுக்கும் வேலை உங்களுக்கு இல்லை.

எந்த விகிதத்தில் பிரிப்பது? உங்கள் வயதுக்கு எல்லாவற்றையும் பங்கிலேயே போடலாம் என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் வளர்ந்த வீட்டையும் பார்க்கிறேன். முதல் சரிவிலேயே பயந்து விற்றுவிட்டு வெளியேறினால் அதற்குப் பிறகு நீங்கள் திரும்பி வரவே மாட்டீர்கள். அதனால் தொடக்கத்தில் 60 சதவீதம் இண்டெக்ஸ் ஃபண்டிலும் 40 சதவீதம் வைப்பு நிதி அல்லது குறுகிய காலக் கடன் பத்திர நிதியிலும் போடுங்கள். பங்கு பாதியாகச் சரிந்தாலும் உங்கள் மொத்தத்தில் 30 சதவீதம்தான் குறையும். அந்த 30 சதவீதக் குறைவை உங்கள் சொந்தத் தொகையில் எழுதிப் பார்த்து, அன்று இரவு தூக்கம் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வராது என்றால் பங்கின் அளவை இன்னும் குறையுங்கள். ஒரு பெரிய சரிவைத் தாண்டி நின்ற பிறகு அதை உயர்த்துவதைப் பற்றி யோசிக்கலாம்.

இரவில் படுப்பதற்கு முன் பங்கு வாங்கும் ஆப்பைத் திறந்து பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள், இன்னும் ஒரு பங்கும் வாங்காமலே. அந்த ஆப் அனுப்பும் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். நீங்கள் அடிக்கடி வாங்கி விற்றால் அவர்களுக்கு வருமானம். உங்களுக்கு அப்படி இல்லை. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் என்ற இரு பேராசிரியர்கள் 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் 1991 முதல் 1996 வரையிலான பங்குக் கணக்குகளை ஆராய்ந்தார்கள். மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது வருடத்துக்கு 11.4 சதவீதம். அதே காலத்தில் சந்தை தந்தது 17.9 சதவீதம். வருடத்துக்கு ஒருமுறை கணக்கைப் பார்த்து, 60-40 விகிதம் வெகுவாக மாறியிருந்தால் சரிசெய்தால் போதும்.

லேட்டா?

‘லேட்டே இல்லை, கவலைப்படாதீர்கள்’ என்று சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரே தொகையை 7 சதவீத வளர்ச்சியில் 60 வயது வரை போடுவதாக வைத்துக்கொள்வோம். 7 என்பது கணக்குக்காக எடுத்த எண்தான், வாக்குறுதி இல்லை. 23 வயதில் தொடங்கியவருக்கு அது வருடத் தொகையைப் போல 160 மடங்கு ஆகும். 33-ல் தொடங்கும் உங்களுக்கு 74 மடங்கு. தோழிகளுக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. ஆனால் இப்படியே தயங்கி 43-ல் தொடங்கினால் 31 மடங்குதான். நீங்கள் ஒப்பிட வேண்டியது இந்த 31-ஓடுதான். 160 உங்களுக்கு என்றும் கிடைத்திருக்காது. உங்கள் 23 வயதில் அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தும் வேலை உங்கள் தோளில் இருந்தது.

போன வருடங்களை ஈடுகட்ட அதிக ஆபத்தில் இறங்குவதுதான் இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் தவறு. குழுவின் 4 சதவீதம் உங்களை ஈர்த்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஈடுகட்டப் பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது. சம்பளம் உயரும்போதெல்லாம் உயர்ந்ததில் பாதியை மாத முதலீட்டில் சேர்த்துவிடுங்கள், கைக்கு வந்து செலவாகப் பழகும் முன்பே. தம்பியின் படிப்பு அடுத்த வருடத்தோடு முடிகிறது. அவர் செலவுக்கு இப்போது போகும் தொகையும் அப்போது உங்களுக்கு மிஞ்சும்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

மறைத்துச் செய்யாதீர்கள். பின்னால் எப்போதாவது சந்தை சரியும்போது அவருக்குத் தெரிய வந்தால், அப்பாவின் கதை மறுபடி நடப்பதாகவே நினைத்துப் பயந்துவிடுவார். கார்டு கடனை அடைத்துவிட்டேன், தம்பியின் கட்டணம் தனியாக இருக்கிறது, ஆறு மாதச் செலவுக்குப் பணம் வங்கியில் இருக்கிறது என்ற மூன்றையும் முதலில் காட்டுங்கள். அதற்குப் பிறகு, கடன் வாங்காமல், ஒரே நிறுவனத்தில் போடாமல், மாதம் இவ்வளவு ஒதுக்குகிறேன் என்று சொல்லுங்கள். உடனே ஒப்புக்கொள்ள மாட்டார். பரவாயில்லை, ஒரு வருடம் கழித்துக் கணக்கை அவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

முதலீட்டுக் கணக்கு தொடங்கும் படிவத்தில், உங்களுக்குப் பின் அந்தப் பணத்தைப் பெறுபவரைக் குறிக்க, நாமினி என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அம்மா பெயரையும் தம்பி பெயரையும் எழுதுங்கள். எந்தெந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, அது இருக்கும் இடத்தைத் தம்பியிடம் சொல்லி வையுங்கள். பாஸ்வேர்டைத் தர வேண்டியதில்லை, கணக்குகள் இருப்பது தெரிந்தால் போதும். கார்டு பாக்கியை அடைக்கும் வேலையை மட்டும் அடுத்த ஸ்டேட்மெண்ட் வருவதற்குள் முடித்துவிடுங்கள். முழுத் தொகையும் கட்டிய பிறகும் அடுத்த மாதம் சிறு வட்டி ஒன்று வரலாம். அது ஸ்டேட்மெண்ட் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களுக்கானது. அதையும் கட்டி, பாக்கி பூஜ்யம் என்று பார்த்துவிட்டு மாத முதலீட்டைத் தொடங்குங்கள்.